புதுக் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். ஆறு மாதம் காசு சேர்த்து, சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, வீடியோக்களைப் பார்த்துத் தன் கையாலேயே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்திருந்தாள். விண்டோஸ் ஏறிவிட்டது. படம் பளிச்சென்று தெரிகிறது. நெட் ஓடுகிறது.

"மாமா, எல்லாம் வேலை செய்யுது. சத்தம் மட்டும் சுத்தமா வரல. மதர்போர்டு போயிருச்சுன்னு நெனைக்கிறேன். நாளைக்கே கழட்டிக் கடையில குடுத்திரவா?"

"எதையும் கழட்டாதம்மா, வர்றேன்" என்றேன். போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் பாட்டு கேட்டது. மதர்போர்டில் ஒரு பழுதும் இல்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது. படம் வராவிட்டால் திரையில் 'நோ சிக்னல்' என்றாவது எழுத்து வரும். சத்தம் வராவிட்டால் அப்படி ஒரு தகவலும் வராது. காரணம் பத்து இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே அமைதிதான். அதனால்தான் பதறிப்போய் விண்டோஸை மறுபடி ஏற்றுகிறார்கள், போர்டை மாற்றக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் தேவைப்படாத வேலைகள். சத்தம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொண்டு, எந்த இடம்வரை வந்து நின்றது என்று பார்த்தால் போதும்.

சத்தம் வரும் வழி

பாட்டை ஓட்டும் மென்பொருள் அதை விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் டிரைவரிடம் கொடுக்கிறது. டிரைவர் என்பது குறிப்பிட்ட ஒரு சிப்போடு பேசத் தெரிந்த சிறு மென்பொருள். அது பாட்டை மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப்புக்கு அனுப்புகிறது. எண்களாக வரும் பாட்டை மின்னலைகளாக மாற்றுவது இந்தச் சிப்தான். இதைக் 'கோடெக்' என்பார்கள். இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் ரியல்டெக் நிறுவனத்தின் சிப் இருக்கும். அங்கிருந்து மின்னலைகள் ஜாக் வழியாக, ஒயர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகின்றன. ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அவற்றைப் பெருக்கிக் காதுக்குக் கேட்க வைக்கிறது.

இது ஒரு வழி. இதைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்குள்ளும் ஓர் ஆடியோ பகுதி இருக்கிறது. எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் கேபிள்கள் படத்தோடு சேர்த்துச் சத்தத்தையும் மானிட்டருக்குக் கொண்டுபோகும். யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள் தனியாக ஒரு குட்டி கோடெக் உண்டு. புளூடூத் ஹெட்போன் இன்னொரு வழி. விண்டோஸின் கணக்கில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி சவுண்டு கார்டு. நீங்கள் வேறு மாதிரி சொல்லாதவரை, இவற்றில் எது 'டிஃபால்ட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஒன்றுக்குத்தான் அது பாட்டை அனுப்பும்.

சத்தம் செத்துப்போவதைவிட, வேறு வாசல் வழியாக வெளியே போவதுதான் அதிகம். வீட்டுக்கு நாலு வாசல் இருக்க, நாம் ஒரு வாசலில் மட்டும் நின்றுகொண்டு யாரும் வரவில்லை என்கிறோம்.

முதலில் வெளியே பாருங்கள்

மென்பொருளுக்குள் போகும் முன் மேஜை மேல் இருப்பதைச் சோதியுங்கள். ஸ்பீக்கரின் கரண்ட் சுவிட்ச் போட்டிருக்கிறதா, வால்யூம் குமிழ் திறந்திருக்கிறதா? 2.1 செட் என்றால் சப்வூஃபர் பெட்டியின் பின்புறம் தனி சுவிட்ச் இருக்கலாம். புளூடூத், ஆக்ஸ், யூஎஸ்பி என்று மாற்றும் பட்டன் இருந்தால் 'ஆக்ஸ்' என்பதில் இருக்க வேண்டும்.

சின்ன ஸ்பீக்கர்களில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. அவற்றில் யூஎஸ்பி ஒயர் ஒன்றும், 3.5 மில்லிமீட்டர் ஆடியோ பின் ஒன்றும் இருக்கும். இந்த வகையில் பெரும்பாலானவற்றுக்கு யூஎஸ்பி வழியாகப் போவது 5 வோல்ட் கரண்ட் மட்டும்தான். பாட்டு அந்த இன்னொரு பின் வழியாகத்தான் போக வேண்டும். யூஎஸ்பியை மட்டும் செருகினால் ஸ்பீக்கரில் விளக்கு எரியும், சத்தம் வராது. விளக்கு எரிவதால் 'ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரில்தான் கோளாறு' என்று முடிவுகட்டிவிடுவோம்.

அடுத்து, அதே ஸ்பீக்கரை டிவியின் ஹெட்போன் ஜாக்கிலோ பழைய லேப்டாப்பிலோ செருகிப் பாருங்கள். அங்கே கேட்டால் ஸ்பீக்கரும் ஒயரும் சரி. அங்கேயும் கேட்கவில்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடலாம். பழைய ஹோம் தியேட்டரிலிருந்து கழற்றிய, வெறும் இரட்டை ஒயர் மட்டும் வரும் ஸ்பீக்கர் பெட்டிகளை கம்ப்யூட்டரில் நேராக இணைக்க முடியாது. அவற்றுக்கு நடுவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

பச்சை ஜாக்

கேபினெட்டின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று ஜாக்குகளாவது வரிசையாக இருக்கும். ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் உரியது வெளிர்பச்சை. ரோஸ் நிறம் மைக்குக்கு. வெளிர்நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே எடுப்பதற்கு. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த 'பிசி 99' வழிகாட்டியில் வந்த வண்ண முறை இது. சில புதிய போர்டுகளில் எல்லா ஜாக்கும் ஒரே கறுப்பாக இருக்கும். அப்போது அருகில் பொறித்திருக்கும் சிறு படத்தைப் பார்க்க வேண்டும், அல்லது போர்டோடு வந்த மேனுவலைப் புரட்ட வேண்டும்.

மேஜைக்கு அடியில் குனிந்து, இருட்டில், தடவிப் பார்த்துச் செருகும்போது பச்சைக்குப் பதில் நீலத்தில் போய்விடுவது சாதாரணமாக நடக்கும். சரியான ஜாக்கில் செருகியிருந்தாலும் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கலாம். பின்னின் பிளாஸ்டிக் கழுத்து தடிமனாக இருந்தால் கேபினெட்டின் தகடு அதைத் தடுக்கும். 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

இதில் கவனித்துக் கேட்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. இசை மெலிசாகக் கேட்கிறது, பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கிவிடுகிறது என்றால், பின்னின் எர்த் பகுதி சரியாகத் தொடவில்லை என்று பொருள். எர்த் விட்டுப்போனால் இடது, வலது பக்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கரில் ஒலிக்கும். பாடகர் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகியிருக்கும். அதனால் அது ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். பின்னை முழுதாக அழுத்தினால் குரல் திரும்பிவிடும். அப்படியும் திரும்பாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

ஆடும் பட்டை

வெளியே எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு விண்டோஸுக்குள் போகலாம். என் அனுபவத்தில் இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள். திரையின் கீழ் வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் பெருக்கல் குறி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் மேல் வலது கிளிக் செய்து 'சவுண்ட் செட்டிங்ஸ்' போங்கள். விண்டோஸ் 11 என்றால் அந்தப் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 10 என்றால் 'சவுண்ட் கன்ட்ரோல் பேனல்'. அதை அழுத்தினால் ஒரு சின்னப் பழைய பாணி ஜன்னல் திறக்கும். அதில் 'பிளேபேக்' என்ற முதல் பக்கத்தில், உங்கள் கம்ப்யூட்டரில் சத்தம் வெளியேறக்கூடிய எல்லா வாசல்களும் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நின்றவாக்கில் ஒரு பட்டை. பாட்டு எந்த வாசலுக்குப் போகிறதோ அந்தப் பட்டை மட்டும் பச்சையாகத் துள்ளும்.

அக்கா மகளின் கம்ப்யூட்டரில் இந்த ஜன்னலைத் திறந்தபோது பட்டை அழகாகத் துள்ளிக்கொண்டிருந்தது. எந்தப் பெயருக்கு எதிரே என்று அவளையே படிக்கச் சொன்னேன். மானிட்டரின் மாடல் பெயரைப் படித்தாள். ஸ்பீக்கர் செருகியிருந்ததோ பின்பக்கப் பச்சை ஜாக்கில். கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் ஏற்றியபோது விண்டோஸ் மானிட்டரைப் புதிய சவுண்டு கார்டாகக் கண்டு, அதையே டிஃபால்ட் ஆக்கிவிட்டது. அந்த மானிட்டருக்குள் ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் செருக ஒரு ஜாக் மட்டும் உண்டு. பாட்டு முழுவதும் அந்த ஆளில்லாத ஜாக்கில் போய்க் கொட்டிக்கொண்டிருந்தது.

பட்டியலில் 'ஸ்பீக்கர்ஸ்' என்றும் அதன் கீழே 'ரியல்டெக்' என்றும் இருந்ததை அவளே தேர்ந்தெடுத்து 'செட் டிஃபால்ட்' அழுத்தினாள். அடுத்த நொடி அறை நிறையப் பாட்டு.

பட்டை சொல்வதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்:

1. பட்டை வேறு பெயருக்கு எதிரே துள்ளுகிறது: வாசல் மாறியிருக்கிறது. சரியானதை டிஃபால்ட் ஆக்குங்கள்.

2. பட்டை சரியான பெயருக்கு எதிரே துள்ளுகிறது, சத்தம் மட்டும் இல்லை: விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. கோளாறு அதற்குப் பிறகு, அதாவது ஜாக், ஒயர், ஸ்பீக்கர் பக்கம்.

3. எந்தப் பட்டையும் துள்ளவில்லை, அல்லது உங்கள் ஸ்பீக்கரின் பெயரே பட்டியலில் இல்லை: கோளாறு அதற்கு முன்னால். மென்பொருள், டிரைவர், பயாஸ் என்று பார்க்க வேண்டும்.

பட்டை துள்ளாதபோது

முதலில் எளிய காரணங்கள். பாட்டை ஓட்டும் வீடியோவோ பிரவுசர் டேபோ மியூட்டில் இருக்கலாம். 'வால்யூம் மிக்ஸர்' பக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வால்யூமும் தனி வாசலும் வைக்க முடியும். ஒரு மென்பொருளில் மட்டும் சத்தம் வராவிட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும். ஜூம் போன்றவை தங்கள் செட்டிங்ஸுக்குள் தனியாக ஒரு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும்.

ஸ்பீக்கரின் பெயரே பட்டியலில் இல்லாவிட்டால், அந்தச் சின்ன ஜன்னலின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து 'ஷோ டிசேபிள்டு டிவைசஸ்' என்பதை டிக் செய்யுங்கள். மங்கலாக ஒரு பெயர் தோன்றினால் அதன் மேல் வலது கிளிக் செய்து 'எனேபிள்' கொடுங்கள்.

அப்போதும் இல்லையென்றால், ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். அதில் 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற தலைப்பை விரியுங்கள். என்விடியா அல்லது ஏஎம்டி பெயரோடு 'ஹை டெஃபினிஷன் ஆடியோ' என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் ஆடியோ. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். போர்டுக்கு உரியது ரியல்டெக் என்றோ, வெறும் 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்றோ தனியாக இருக்க வேண்டும். அதன் மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் பிரச்சினை.

போர்டோடு ஒரு டிவிடி வந்திருக்கலாம், ஆனால் இன்றைய கேபினெட்டுகள் பலவற்றில் டிவிடி டிரைவுக்கு இடமே இல்லை. மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில், உங்கள் போர்டின் சரியான மாடல் பெயரைப் போட்டு, முதலில் சிப்செட் டிரைவரையும் பிறகு ஆடியோ டிரைவரையும் இறக்கி ஏற்றுங்கள். மாடல் பெயர் போர்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். முடித்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'எல்லா டிரைவரையும் நாங்களே தேடித் தருகிறோம்' என்று வரும் விளம்பர மென்பொருள்களைத் தொடாதீர்கள். தவறான டிரைவரை ஏற்றிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் போர்டின் ஆடியோவே தென்படவில்லை என்றால் பயாஸ் பக்கம் போக வேண்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்த கையோடு டெலீட் அல்லது எஃப்2 பட்டனை விடாமல் தட்டுங்கள். 'அட்வான்ஸ்டு' பகுதியில், போர்டிலேயே உள்ள சாதனங்களின் பட்டியலில், 'எச்டி ஆடியோ கன்ட்ரோலர்' அல்லது அதைப் போன்ற பெயர் இருக்கும். அது 'எனேபிள்டு' என்று இருக்க வேண்டும். மாற்றினால் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள்.

முன்பக்க ஜாக் மட்டும் வேலை செய்யாவிட்டால்

பின்பக்கம் பாட்டு கேட்கிறது, கேபினெட்டின் முன்பக்கத்தில் ஹெட்போனைச் செருகினால் ஒன்றும் இல்லை. சொந்தமாக அசெம்பிள் செய்தவர்களுக்கே உரிய கோளாறு இது. முன்பக்க ஜாக்கிலிருந்து கேபினெட்டுக்குள் ஒரு மெல்லிய ஒயர் ஓடும். அதன் முனையில் 'எச்டி ஆடியோ' என்று எழுதிய கறுப்பு கனெக்டர் இருக்கும். அதைப் போர்டில் செருக மறந்திருப்பீர்கள், அல்லது அது சரியாக உட்கார்ந்திருக்காது.

கம்ப்யூட்டரை அணைத்து, எஸ்எம்பிஎஸ் சுவிட்சையும் அணைத்து, கரண்ட் ஒயரைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, கையில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுப் பக்கவாட்டுக் கதவைத் திறங்கள். பெரும்பாலான போர்டுகளில் கீழ் இடது மூலையில் ஊசிகள் கொண்ட சின்ன இடம் இருக்கும். ஆசஸ் போர்டில் அதன் பெயர் 'ஏஏஎஃப்பி'. எம்எஸ்ஐ போர்டில் 'ஜேஏயுடி1'. ஜிகாபைட்டில் 'எஃப் ஆடியோ'.

ஊசிகளைக் கிட்டப்போய் எண்ணுங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஓர் ஊசி இல்லாமல் மொத்தம் 9 இருக்கும். யூஎஸ்பி 2.0 கனெக்டருக்கான இடத்திலும் இதேபோல 9 ஊசிதான். வித்தியாசம் காலியிடத்தில் இருக்கிறது. யூஎஸ்பியில் வரிசையின் கடைக்கோடி மூலை காலியாக இருக்கும். ஆடியோவில் கோடியிலிருந்து இரண்டாவது இடம் காலி. கனெக்டரிலும் அதே இடத்தில் ஓட்டை அடைக்கப்பட்டிருக்கும். அதனால் சரியான இடமென்றால் லேசான அழுத்தத்திலேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால் தயவுசெய்து பலத்தைக் காட்டாதீர்கள். யூஎஸ்பி ஊசியில் 5 வோல்ட் ஓடுகிறது. ஊசி வளைந்தாலும் உடைந்தாலும் அதன் பிறகுதான் உண்மையான செலவு.

பழைய கேபினெட்டை மறுபடி பயன்படுத்தினால் அந்த ஒயரில் இரண்டு கனெக்டர்கள் தொங்கலாம்: ஒன்றில் 'எச்டி ஆடியோ', மற்றதில் 'ஏசி 97'. ஏசி 97 என்பது 1997-இல் வந்த முறை. 2004-இல் இன்டெல் கொண்டுவந்த ஹை டெஃபினிஷன் ஆடியோ அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. புதிய போர்டில் 'எச்டி ஆடியோ' கனெக்டரைத்தான் செருக வேண்டும். பழையதைச் செருகினால், முன்பக்கத்தில் ஹெட்போன் செருகியிருப்பதைச் சிப்பால் கண்டறிய முடியாமல் போகும்.

மொபைலோடு வந்த இயர்போனின் பின்னில் மூன்று கோடுகள் இருக்கும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பின்னில் என்று அர்த்தம். கேபினெட்டில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஜாக் இருந்தால், இந்த இயர்போனில் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரியும் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் ஒயர் வாங்கினால் சரியாகிவிடும்.

படத்தில் வசனம் மட்டும் காணவில்லை என்றால்

பாட்டு நன்றாகக் கேட்கிறது, சினிமா போட்டால் பின்னணி இசை வருகிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. விண்டோஸ் உங்களிடம் ஆறு ஸ்பீக்கர்கள் கொண்ட 5.1 செட் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. 5.1 ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். உங்களிடம் அந்த நடு ஸ்பீக்கரே இல்லை. அதே 'பிளேபேக்' பக்கத்தில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, 'கான்ஃபிகர்' அழுத்தி 'ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள்.

போர்டைக் குற்றம் சொல்லும் முன்

இவ்வளவும் செய்தும் அமைதிதான் என்றால் கடைசியாக ஒரு சோதனை. ஒரு 16 ஜிபி பென் டிரைவில் உபுண்டு லினக்ஸை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமல், முயன்று பார்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஹார்டு டிஸ்கில் உள்ள எதுவும் மாறாது. அங்கே சவுண்ட் செட்டிங்ஸில் சரியான வாசலைத் தேர்ந்தெடுத்து, இடது வலது சோதனையை ஓட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் சிப்பும் ஜாக்கும் நலம், விண்டோஸ் பக்கம்தான் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. அங்கேயும் வராமல், பயாஸிலும் எல்லாம் சரியாக இருந்தால், அப்போது போர்டைச் சந்தேகிக்கலாம்.

அந்த நிலையிலும் உடனே பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பில்லையும் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்தால் வாரன்டியில் கேட்கலாம். நீங்கள் செய்த சோதனைகளை வரிசையாகச் சொன்னால் கடைக்காரரும் காது கொடுத்துக் கேட்பார். வாரன்டி முடிந்துபோன போர்டு என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றைச் செருகினால் போதும். அதற்குள் தனி கோடெக் இருப்பதால் போர்டின் சிப் இல்லாமலே பாட்டு கேட்கும்.

வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் சத்தம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. மறுபடி நின்றால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் போனில் தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். தோழியும் புதிதாகக் கம்ப்யூட்டர் பூட்டியிருக்கிறாளாம், அதிலும் சத்தம் வரவில்லையாம். "போர்டு போயிருச்சான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல அந்தப் பட்டை எந்தப் பேருக்கு நேரா ஆடுதுன்னு சொல்லு" என்று இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.